புகை கட்டிய கடை

கோர் மர்ஜான் கடைத்தெருவில், காய்ந்த எலுமிச்சை விற்கும் கமீஸின் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவில் ஒரு கடை இருக்கிறது. அதற்கு மூன்று சுவரும் ஒரு கூரையும் உண்டு, சுவரில் தட்டு உண்டு, தட்டில் ஜாடிகள் உண்டு, வாசலில் சிவப்பாக ஒரு தீயணைப்பான் தொங்குகிறது, வெயில் தாழ்ந்ததும் கூரைமேல் புறாக்கள் வந்து உட்காருகின்றன. இவ்வளவு இருந்தும் அந்தக் கடையில் ஒரு செங்கல் கிடையாது, ஒரு கை சிமெண்ட் கிடையாது, எல்லாமே புகை. புதிதாக வருகிறவர்கள் சுவரை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு விலை கேட்பார்கள்.

நான் எதிரே சாயாக்கடையில் நிற்கிறவன். பெயர் மொகுதூம், ஊர் காயல்பட்டினம், இந்த வளைகுடாக் கரைக்கு வந்து தலை நரைத்தவன். சாயாக்காரனுக்குத் தெருவில் நடக்கிற எதுவும் தப்பாது, ஏனென்றால் எல்லாருக்கும் வாயில் வைக்க ஏதாவது வேண்டும், வைத்தபின் பேசாமல் இருக்கவும் முடியாது. இந்த ஊர்க்காரர்கள் அரபியில் பேசியதை எனக்கு வந்த தமிழில் சொல்கிறேன். அக்காவுக்கு ராத்தா, சித்தப்பாவுக்குச் சாச்சா, அப்பாவுக்கு வாப்பா என்றெல்லாம் வந்தால் அது என் வாய்ப் பழக்கம், உறவு அதே உறவுதான்.

கல்ஃபானின் மகள் ஸுவைனா பகூர் செய்வாள். பகூர் என்றால் அகில் தூளையும் சந்தனத்தையும் சர்க்கரைப் பாகில் பிசைந்து, பன்னீர் தெளித்து, நிழலில் உலர்த்தி எடுக்கிற வாசனைக் கட்டி. தணலில் ஒரு துண்டு போட்டால் வீடு முழுக்க மணக்கும். கல்யாணமாகி, அது சரிப்படாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து அவள் அடுப்படியில் உட்கார்ந்து பிடித்த கட்டிகள், தம்பி ஹிலாலின் கடையில், ஹிலாலின் பெயர் அச்சடித்த டப்பாக்களில் விற்றுக்கொண்டிருந்தன. கல்யாண வீட்டார் வாங்கினார்கள், பள்ளிவாசலுக்கு வாங்கினார்கள், கடல் தாண்டிப் போகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள், எல்லாரும் ஒரே குரலில் ஹிலாலின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள், ஹிலாலும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குப் பாகு எந்தப் பதத்தில் இறங்க வேண்டும் என்பதுகூடத் தெரியாது. ஆள் கெட்டவன் இல்லை. புகழ் தானாக வந்து மடியில் விழும்போது இது பக்கத்து மடிக்குப் போக வேண்டியது என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஸுவைனாவுக்கு ஒரு கடை வேண்டும். தன் பெயரில், தெருவைப் பார்த்த வாசலோடு, ஒரே ஒரு கடை. இதைத் தம்பியிடம் சொன்னாள்; அவன் சிரித்தான். ஒரு காலையில் நேராகக் கடைத்தெருவுக்கு வந்து, அந்த வரிசைக் கட்டிடங்களுக்குச் சொந்தக்காரரான ஹம்தானிடமே கேட்டாள். என் கடை பெஞ்சில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

“உன் தம்பிய வந்து ஒரு வார்த்த சொல்லச் சொல்லும்மா,” என்றார் ஹம்தான். “நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் யாரப் போய்க் கேக்குறது?”

“என்னையக் கேளுங்க சாச்சா. நான் எங்கயும் ஓடிப் போயிர மாட்டேன்.”

“அது சரிம்மா. ஆனாலும் ஒரு ஆம்பள வார்த்த இருந்தா நல்லாருக்கும்.”

அவள் தெருப்பக்கம் திரும்பினாள். கமீஸ் கடைக்குப் பக்கத்தில், போன புயலில் கடை இடிந்து விழுந்து, கல்லெல்லாம் அள்ளிய பிறகு வெறும் மண்ணாகக் கிடந்த ஓர் இடம் இருந்தது. “அந்த இடத்துல ஒரு பாய விரிச்சு உட்காரலாமா?”

பாய் விரித்துப் பெண்கள் சாமான் விற்பது இந்தக் கரையில் அந்தக் காலத்திலிருந்து உள்ளதுதான். அதற்கு வேண்டாம் என்று சொல்ல ஹம்தானுக்கு வாய் வரவில்லை. “உட்காருறதுக்கு என்ன, தாராளமா உட்காரு,” என்றார்.

அன்றிலிருந்து ஹிலாலின் கடைக்குச் சரக்கு நின்றது. ஸுவைனா பாயை விரித்தாள், ஜாடிகளை வரிசையாக வைத்தாள், தூபக்காலில் தணல் போட்டாள், உட்கார்ந்தாள். அவள் வீட்டில் வளர்ந்தவள், வியாபாரத்தில் வளர்ந்தவள் அல்ல. எனவே யார் வந்து குனிந்து ஒரு ஜாடியைத் தொட்டாலும், “வாங்க, நல்லாருக்கியளா,” என்று விசாரித்து, தன் சரக்கிலேயே உசத்தியான கட்டியைத் தணலில் போட்டு, தூபக்காலை இரண்டு கையாலும் ஏந்தி அவர்கள் முன்னால் நீட்டினாள். பெண்கள் தலைத்துணியை விரித்துப் பிடித்தார்கள், ஆண்கள் தாடிக்கு வாங்கிக்கொண்டார்கள், கண் சொக்கி நின்றார்கள், மனசார துஆச் செய்தார்கள், எழுந்து போய்விட்டார்கள். ஒருத்தரும் ஒரு துண்டு வாங்கவில்லை.

விஷயம் இதுதான். இந்த நாட்டில் விருந்தாளி வந்தால் முதலில் பேரீச்சம்பழம், பிறகு கஹ்வா என்கிற கசப்புக் காப்பி, பிறகு பேச்சு, எல்லாம் முடிந்து கடைசியில் தூபக்கால் வரும். அது வந்து சுற்றிவிட்டால் விருந்து முடிந்தது, எழுந்து கிளம்ப வேண்டும். இதை யாரும் யாருக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொடுப்பதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, அந்த வாசனை பட்டதும் இவர்கள் முழங்கால் தானாக நிமிரும். அதனால்தான் வாங்க வந்தவர்கள் ஏன் போகிறோம் என்று தெரியாமலே போனார்கள், ஏன் போகிறார்கள் என்று தெரியாமலே ஸுவைனா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வெயில் ஏறுவதற்குள், கூட்டமே இல்லாத நேரத்தில், அவள் தன் தலைத்துணிக்கே கொஞ்சம் புகை பிடித்துக்கொண்டாள்; பிடித்த கையோடு எழுந்து, செருப்பை மாட்டி, யாரோ வீட்டிலிருந்து விடைபெறுகிறவளைப் போல ஜாடிகளைப் பார்த்து சலாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் நினைவு வந்து திரும்பி ஓடிவந்தாள். நானும் கமீஸும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டோம், ஆனால் எங்களுக்கும் காரணம் பிடிபடவில்லை.

தெருவே மணத்தது, காசுப்பெட்டி காலியாக இருந்தது. “ஆசைக்கு உட்கார்ந்து பாத்தாச்சு இல்ல, போதும், வீட்டுக்கு வா,” என்று ஹிலால் வந்து சொல்லிவிட்டுப் போனான். அன்று அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கலங்கியபடியே இன்னொரு கட்டியைத் தணலில் போட்டாள்.

அந்தப் புகைதான் போகாமல் நின்றது. மனிதர்கள் எல்லாம் போய்க்கொண்டே இருந்த அந்த இடத்தில், அது ஒன்று மட்டும் மேலே எழும்பி, கலையாமல், அவள் முதுகுக்குப் பின்னால் இறங்கி உட்கார்ந்தது. அடுத்த கட்டியின் புகை அதன்மேல் ஏறியது. மத்தியான லுஹர் தொழுகைக்குப் போய்த் திரும்பி வந்தபோது இடுப்பளவு சுவர் இருந்தது, மறுநாள் ஆளுயரம், பிறகு இரண்டு பக்கமும் திரும்பி, முன்னால் வாசலுக்கு இடம் விட்டு, மேலே கூரையாக மூடிக்கொண்டது. ஸுவைனா ஒரு ஜாடியை எடுத்துச் சுவரில் மேடாக இருந்த இடத்தில் வைத்தாள். நின்றது. அடுத்ததை வைத்தாள். அதுவும் நின்றது. பிறகு அவள் பாயைச் சுருட்டிவிட்டு வீட்டிலிருந்து ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வெயில் நேரத்தில் கூடுதலாகக் கொஞ்சம் நிழல் கிடைத்ததை எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். கமீஸ் தன் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துப் பூண்டுச் சரத்தைத் தொங்கவிட்டான். அந்தப் பூண்டு சந்தன வாசம் அடிக்கிறது என்று சிலர் அதையே தேடி வாங்கினார்கள். தொழுகிறவன் முன்னால் ஆள் குறுக்கே போகாமலிருக்க வைக்கிற மறைப்பாகப் புகைச் சுவர் ஆகுமா என்று பள்ளிவாசலில் ஒரு கேள்வி வந்தது. சாய்ந்து உட்கார முடிகிறதென்றால் ஆகும் என்று இமாம் சொல்லிவிட்டார். மணல்காற்று அடித்த நாளில் மற்ற கடைகளின் தகரம் எல்லாம் கடற்கரை வரை பறந்தது, ஸுவைனாவின் கடை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்று ஓய்ந்ததும் சோம்பல் முறித்து நிமிர்ந்தது. துணிக்கடைக்காரர்தான் கொஞ்சம் முனகினார். அவருடைய வெள்ளைத் துணியெல்லாம் யாரும் உடுத்துவதற்கு முன்பே விசேஷ வீட்டுக்குப் போய் வந்ததுபோல் மணத்தது.

நகராட்சியிலிருந்து பதர் என்ற இளைஞர் வந்தார். அளவுநாடாவை நீட்டி அகலம் பார்த்தார், கட்டைவிரலால் சுவரை அழுத்திப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“அளவெல்லாம் சரியா இருக்கு. போர்டு இல்ல. தீயணைப்பான் இல்ல.”

“புகையாலயே நிக்கிற கடைக்குத் தீயணைப்பான் எதுக்கு தம்பி?”

“எல்லாக் கடைக்கும் உள்ளதுதான் ராத்தா. உங்களுக்கு மட்டும் விட்டா மத்தவங்க என்னையக் கேப்பாங்க.”

எல்லாக் கடையையும்போல் உன் கடையும் ஒன்று என்று ஓர் அதிகாரி வாயால் கேட்டதில் அவளுக்கு வந்த சந்தோஷம், தீயணைப்பானை அன்றைக்கே வாங்கி வாசலில் மாட்டித் துடைத்துத் துடைத்து வைத்ததில் தெரிந்தது. போர்டுக்கு மட்டும் அவகாசம் கேட்டாள். எழுத்து நன்றாக இருக்க வேண்டும், நல்ல எழுத்துக்காரனாகத் தேட வேண்டும் என்றாள்.

அதற்குள் வியாபாரமும் பிடித்துக்கொண்டது, அதுவும் இந்தக் காரணத்தால்தான்: கடை முழுக்கவே வாசனையாக இருந்ததால் தூபக்காலை எடுத்து நீட்ட வேண்டிய தேவை அவளுக்கு இல்லாமல் போயிற்று, அதை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டாள். தூபக்கால் வராத இடத்தில் எழுந்திருக்க யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் வந்தார்கள், முகர்ந்தார்கள், உட்கார்ந்தார்கள், வாங்கினார்கள், பிறகும் உட்கார்ந்தார்கள். தொப்பியில் பூவேலை தைக்கிற ஷம்ஸா தன் ஊசி நூலோடு வந்து, நீ எப்படி ஹம்தானிடம் கேட்டாய், பதர் என்ன சொன்னார், மனசு பயப்படவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே மத்தியானம் வரை தைப்பாள். அவள் தைத்த தொப்பிகளும் மச்சான் பெயரில்தான் விற்றுக்கொண்டிருந்தன.

ஹிலாலின் கடையில் டப்பா இருந்தது, உள்ளே வைக்க எதுவும் இல்லை. அவனாகவே பாகு காய்ச்சிப் பார்த்தான் என்றும், வீட்டில் மூன்று பாத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று என்றும் கமீஸ் சொன்னான். ஒரு காலையில் அவன் பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்துப் போர்டு ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான். ‘ஹிலால் கல்ஃபான் வாசனைப் பொருட்கள்’ என்று எழுதி, சுற்றிலும் சின்ன பல்புகள் வைத்திருந்தான்.

“உன் நல்லதுக்குத்தான் ராத்தா. நாளைக்கு ஒரு வம்பு வந்தா யாரு வந்து நிப்பா? நான்தானே. அப்ப என் பேரே இருந்துட்டுப் போகட்டும்.”

சொல்லிக்கொண்டே வாசலுக்கு மேலே சுவரில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான். தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. புகை வழிவிட்டு ஆணி கீழே விழும், போர்டு அவன் தலையிலேயே இறங்கும் என்று நான் கமீஸிடம் ஒரு சாயா பந்தயம் கட்டினேன். போர்டு ஜம்மென்று நின்றது. கமீஸின் பூண்டைத் தாங்கியது, புறாக்களைத் தாங்கியது, ஹிலாலின் பெயரையும் தாங்கியது. அந்தச் சுவருக்கு யாரையும் தள்ளத் தெரியவில்லை. எனக்குச் சாயா போனதைவிட அதுதான் வருத்தம்.

ஹிலால் வாசலில் நாற்காலி போட்டு முதலாளியாக உட்கார்ந்தான். வருகிறவர்கள் அவனிடம் கேட்டார்கள், அவன் திரும்பி அவளிடம் கேட்டான், அவள் அவனிடம் சொன்னாள், அவன் அவர்களிடம் சொன்னான். வாசலில் ஆண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பெண்கள் தயங்கி அப்படியே நடந்துபோனார்கள். ஷம்ஸாவும் வருவதை நிறுத்தினாள். சுவர் இருந்தது, கூரை இருந்தது, ஆனால் ஸுவைனா மறுபடியும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

பிறகு ஹிலால் ஹம்தானை அழைத்து வந்தான். மண் அவருடையது, சுவர் யாருடையது என்று பேசி முடித்துவிட வேண்டும் என்பது அவன் யோசனை. பேரீச்சம்பழம் வந்தது, கஹ்வா வந்தது, நான் சாயாவும் கொண்டுபோனேன், போகிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

“உட்காருன்னுதானே சொன்னேன், கட்டுன்னு சொல்லலியேம்மா,” என்றார் ஹம்தான்.

“நான் கட்டலியே சாச்சா. அதுவாத்தானே வந்து உட்கார்ந்திருக்கு.”

“எதுவா இருந்தாலும் ஒரு ஆள் பேருல இருக்கணும் இல்லியா,” என்றான் ஹிலால். “எங்க வாப்பா வீட்டுப் பக்குவம் இது. ஆம்பளப் பிள்ள நான் ஒருத்தன்தான். என் பேருக்குக் குடுத்துடறேன்னு நாலு பேருக்கு முன்னால சொல்லிடுங்க சாச்சா, முடிஞ்சிரும்.”

ஹம்தான் தாடியைத் தடவி யோசித்தார். இந்தத் தெருவில் அவர் ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால் எழுதிக் கொடுத்ததைவிட அது கெட்டி. பிறகு அவரே நினைத்தாலும் மாற்ற மாட்டார். ஸுவைனா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் பாகு கிளறியதில் காய்த்துப்போன கைகள். ஹம்தான் நிமிர்ந்து, “சரி,” என்று ஆரம்பித்தார்.

காரியம் கைகூடிவிட்டது என்ற நிம்மதியில் ஹிலாலுக்கு உபசாரம் நினைவு வந்தது. “ராத்தா, சாச்சாவுக்குக் கொஞ்சம் புகை போடு, நல்லதா,” என்றான்.

ஸுவைனா மூலைக்குப் போனாள், கவிழ்த்து வைத்திருந்த தூபக்காலை நிமிர்த்தினாள், தணல் எடுத்தாள், உசத்தியான கட்டியைப் போட்டாள், இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்தாள். ஹம்தான் கண்ணை மூடித் தாடிக்கு வாங்கிக்கொண்டார். “அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்,” என்றார். எழுந்தார். சலாம் சொன்னார். பள்ளிவாசல் முனையைத் தாண்டி அவர் திரும்புவதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஹிலால், “சாச்சா, ஒரு வார்த்த,” என்று கூப்பிட வாயைத் திறந்தபோது தூபக்கால் அவன் முன்னால் வந்தது. பழக்க தோஷத்தில் அவனும் தலைத்துணி நுனியை நீட்டினான், எழுந்தான், செருப்பை மாட்டினான், தெருவில் இறங்கி மீன் சந்தை வரை போய்விட்டான்.

ஸுவைனா தூபக்காலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “மொகுதூம்,” என்றாள், “அந்த ஆரம்பத்துல எல்லாரும் எழுந்து எழுந்து போனாங்களே, அவங்கள நான்தான் அனுப்பிட்டு இருந்திருக்கேன்.”

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஹிலால் வந்து நாற்காலியில் உட்காருவான். உட்கார்ந்த மாத்திரத்தில் ஸுவைனா தூபக்காலோடு வருவாள். கூடப்பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? வேண்டாம் என்று கையை ஆட்டினால் அது அவமதிப்பு, அதைத் தெருவில் இத்தனை பேர் பார்க்கச் செய்ய முடியாது. வாங்கிக்கொள்வான், எழுவான், போவான். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து பார்த்தான். முழங்காலுக்கு மூக்கு தேவைப்படவில்லை. ஹம்தானைத் திரும்ப அழைத்து வந்தான்; அவருக்கும் அதே மரியாதை நடந்தது. “இந்தப் பிள்ள மாதிரி உபசாரம் பண்ண ஆள் இல்ல,” என்று அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். நாற்காலி காலியாகவே கிடந்ததால் பெண்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள், ஷம்ஸா அதில் உட்கார்ந்து தைத்தாள்.

ஒருநாள் ஹிலால் வந்தான், ஆனால் உள்ளே வரவில்லை. புழுக்கமான நாள், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வாசலுக்கு வெளியே நின்றான். அவன் தன் கடையைப் பூட்டியே பல நாள் ஆகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

“ராத்தா, புகை போடாத. பேசணும்.”

“பேசு.”

“நின்னுக்கிட்டேவா?”

“மேல உன் பேருதானே இருக்கு. உன் கடையில உட்கார நீ ஏன் எங்கிட்ட கேக்குற?”

அவன் அண்ணாந்து பச்சைப் போர்டைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தெருவைத் தாண்டி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் ஏணி கேட்டான். கொடுத்தேன். ஆணியைப் பிடுங்கிப் போர்டைக் கழற்றிக் கீழே இறங்கினான். சுவர் கழற்றுவதற்கும் தடை சொல்லவில்லை. “இத என்ன செய்ய?” என்றான்.

“அந்தப் பக்கம் சும்மாத்தானே இருக்கு. திருப்பி வெச்சிட்டு வா,” என்றாள். அந்தப் பின்பக்கத்தில்தான் இன்றைக்கு அவள் பெயர் இருக்கிறது. நல்ல எழுத்துக்காரன் கிடைக்கக் கொஞ்ச நாளாயிற்று, பல்புகளை அவள் கழற்றிவிடச் சொன்னாள்.

ஷம்ஸா எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். ஹிலால் உட்கார்ந்தான், ஓரத்தில், விருந்துக்கு வந்தவன் உட்காருகிற மாதிரி. பேரீச்சம்பழம் வைத்தாள். கஹ்வா ஊற்றினாள்.

“என் கடைக்கும் சரக்கு தருவியா ராத்தா?”

“தருவேன். டப்பாவுல என் பேரு இருக்கும்.”

“என் கடையில உன் பேரா?”

“என் கைதானே செய்யுது.”

அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸுவைனாவின் கை மூலையில் இருந்த தூபக்கால் பக்கம் போயிற்று. நானும் கமீஸும் ஷம்ஸாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அவள் அதை எடுத்து இன்னும் உள்ளே தள்ளி வைத்துவிட்டு, தம்பியின் கோப்பையில் மறுபடி கஹ்வா ஊற்றினாள்.

“சரி,” என்றான் ஹிலால். “பெரிசாவே போடு பேர.”

அப்புறம் அவர்கள் என்னென்னவோ பேசினார்கள். சின்ன வயதில் வாப்பாவின் படகில் போனது, உம்மாவின் கை மணம், அவன் எரித்த மூன்று பாத்திரம் எல்லாம் பேசினார்கள். லுஹர் போயிற்று, பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வந்தது. இதற்கிடையில் கமீஸ் கடைக்கு எதிர்ப்பக்கத்துச் சுவரிலிருந்து புதிதாக ஒரு சின்னச் சுவர் கிளம்பித் துணிக்கடை ஓரமாக வளர்ந்துகொண்டிருந்தது, தொப்பிகள் மாட்ட வசதியாக அதில் ஏற்கெனவே முளைகள் இருந்தன, ஷம்ஸா தைப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வழியாகப் போன ஹம்தான் நின்று பார்த்துவிட்டு, எதற்கும் எட்டியே நின்றபடி, இன்னும் இரண்டு இடிந்த இடம் பின்தெருவில் இருக்கிறது, அங்கேயும் யாராவது உட்காருவதானால் உட்காரலாம் என்றார். தம்பி வந்து சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

வெயில் இறங்கி, புறாக்கள் கூரைமேல் வந்து கூடின. ஹிலால் நாற்காலியில் நெளிந்தான். எழப் பார்த்தான், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்தான். கடையில் எல்லாரையும் பார்த்துவிட்டு, கடைசியில் அக்காவைப் பார்த்தான்.

“புகை போடு ராத்தா,” என்றான். “நான் வீட்டுக்குப் போகணும்.”

“போகலாம், இரு,” என்றாள் ஸுவைனா, தன் முக்காலியில் அசையாமல் உட்கார்ந்தபடி. “இன்னொரு கோப்ப குடி.”